வளைவுக்கு எதிரே ஒரு வீடு

விடிந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு யாகப்பம்மாள் தார்ச்சாலையைக் கூட்டுகிறார். தங்கச்சிமடத்தைத் தாண்டி ராமேசுவரம் சாலை சட்டென்று திரும்பும் இடம். இரவெல்லாம் கடற்காற்று கொண்டுவந்து போட்ட மணல் வளைவு முழுக்கப் படிந்து கிடக்கும். லாரி வந்தால் விளக்குமாற்றை உயர்த்திப் பிடிப்பார். ஓட்டுநர்கள் திட்டுவதுண்டு. "திட்டட்டும். மெதுவாத்தான போறான்" என்பார்.

கூட்டி முடித்த பிறகே மீன் கூடையைத் தூக்குவார்.

இந்த மணலில்தான் அவருடைய மகன் மரியசெல்வத்தின் சைக்கிள் வழுக்கியது. பின்னால் வந்த பஸ்ஸால் நிற்க முடியவில்லை. இறந்தான் என்ற சொல்லை யாகப்பம்மாள் சொல்வதில்லை. "அவன் விழுந்த எடம்" என்பார், அவ்வளவுதான்.

அதன்பின் திங்கள்கிழமைதோறும் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய், வளைவைச் சரிசெய்யச் சொல்லி மனுக் கொடுத்தார். வியாபாரம் முடிந்து அப்படியே போவதால், வரிசையில் நிற்பவர்கள் மீன் வாடைக்கு ஒதுங்குவார்கள். திட்டத்தில் சேர்த்தாயிற்று, நிதி வரவில்லை என்பதே பதில். ஒருமுறை அதிகாரியிடம் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இன்னும் யாரு வீட்டுப் புள்ள போனா நிதி வரும்யா?"

இந்த ஆண்டு நிதி வந்துவிட்டது. வளைவை நேராக்கி, மணல் ஏறாமல் தடுப்புச்சுவர் கட்டப் போகிறார்கள். அளக்க வந்த சர்வேயர், பரமக்குடிக்காரர் பூமிநாதன், வரைபடத்தை விரித்துக் காட்டினார். புதிய சாலை யாகப்பம்மாளின் வீட்டுக்குள் போனது. கணவர் கடலுக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய ஓட்டு வீடு. மரியசெல்வம் பிறந்ததும் அங்கேதான்.

கோர்ட்டில் தடை வாங்கலாம் என்றார் கொழுந்தன் அருளானந்தம். பூமிநாதனும் மனம் கேட்காமல், வளைவை அப்படியே விட்டு எச்சரிக்கைப் பலகை மட்டும் வைக்கலாமா என்று மேலிடத்தில் கேட்டுப்பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று யாகப்பம்மாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மகன் படுக்கும் மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பூமிநாதன் வந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து நானும் போயிருந்தேன்.

"பலகை வச்சா மணலு வராதாய்யா?"

"வரும்மா."

"அப்ப அளங்க."

அளந்தார்கள். எல்லை காட்டும் முளைக்குச்சி, அடுப்படியின் மண்தரையில் இறங்க வேண்டியிருந்தது. பூமிநாதன் சுத்தியலை ஓங்கிவிட்டு, அடிக்காமல் நின்றார். யாகப்பம்மாள் பானையை நகர்த்தி வைத்தார். தரையில் உட்கார்ந்து, அந்தக் குச்சியை இரண்டு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டார்.