ஊசியும் ஒரு பெயரும்

ரப்பர் தகடு உருட்டும் இயந்திரம் இருசப்பனின் வலக்கையை உள்ளே இழுத்தது 1951ஆம் ஆண்டு. மலாயாவின் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் நசுங்கிய இரண்டு விரல்களை எடுத்துவிட்டு, உள்ளங்கையைத் தைத்து, நான்காம் நாள் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்ததுமே வலி மண்டைக்கு ஏறியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் சிவானந்தம் கையை விரித்தார்.

"மார்பின் ஊசி ஒன்னுகூட இல்ல இருசப்பா. காட்டுல இருக்க கம்யூனிஸ்டுக்காரங்க கைக்குப் போயிடும்னு போலீசு அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஆஸ்பிரின் தரேன். கைய நெஞ்சுக்கு மேலயே வச்சிரு. தொங்கவிட்டா ரத்தம் எறங்கித் துடிக்கும். மிச்ச விரல மெதுவா அசைச்சுக்கிட்டே இரு."

மனைவி தாயம்மா உத்தரத்தில் சேலையைக் கட்டி, தொட்டில்போல் அதில் கையை ஏந்தவைத்தாள். துடிப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது.

மூன்றாம் நாள் காலை பட்டாளம் லயத்தைச் சுற்றி வளைத்தது. லயத்தைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே, காட்டில் இருப்பவர்களுக்கு யாரோ அரிசி கடத்தியிருக்கிறார்கள். எல்லாரையும் திடலில் நிறுத்தினார்கள். அரிசி கொடுத்தது பக்கத்து வீட்டுச் செல்லன். ரப்பர் பால்வாளிக்குள் அவன் அரிசிப் பையை மறைத்ததை இருசப்பன் கண்ணால் பார்த்திருந்தான். இப்போது செல்லன் நாலு ஆள் தள்ளி நின்றான்.

தலைக்கு மேல் கையைத் தூக்கி நின்ற இருசப்பனிடம் வெள்ளைக்கார அதிகாரி வந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்தார்.

"குண்டடியான்னு கேக்குறாரு. கட்ட அவுக்கணுமாம்."

"மிசின்ல மாட்டுன கை ஐயா! ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு!" என்று தாயம்மா அலறினாள்.

கட்டுத்துணி காயத்தில் ஒட்டியிருந்தது. பிய்த்தபோது இருசப்பனுக்குக் கண் இருண்டது. தையலைப் பார்த்த பட்டாளத்து மருத்துவன், குண்டுக் காயமில்லை என்று தலையாட்டினான். அதிகாரி மருத்துவனின் பையிலிருந்து ஒரு மார்பின் ஊசியை எடுத்து நீட்டினார்.

"இதப் போட்டா வலி அடங்கிடுமாம். அரிசி குடுத்தவன் பேரச் சொன்னா போதுமாம்," என்றார் கிராணி.

கீழே இழுத்துப் பிடித்திருந்த கைக்குள் சம்மட்டி அடி விழுந்துகொண்டிருந்தது. ஊசியைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணில் படவில்லை. பெயர் நாக்கு நுனிவரை வந்தது. செல்லனின் மூன்று பிள்ளைகளும் வரிசையில்தான் நின்றார்கள்.

"தெரியாதுங்க. கையத் தூக்கிக்க மட்டும் விடச் சொல்லுங்க."

அதிகாரி ஊசியைப் பையில் போட்டுவிட்டு நகர்ந்தார். மருத்துவன்தான் புதுக் கட்டுப் போட்டு, அந்தக் கையைத் தூக்கி இருசப்பனின் இடது தோளில் வைத்துவிட்டுப் போனான். உச்சிவெயிலில் கூட்டத்தை விட்டார்கள்.

வலி இன்னும் பத்து நாள் ஆட்டிப்படைத்தது. ஆஸ்பிரினும் சேலைத் தொட்டிலும்தான் துணை. பிறகு இடக்கையால் பால்வாளி கழுவும் வேலைக்குப் போனான். செல்லன் அடுத்த மாதமே குடும்பத்தோடு சுங்கை சோ ஊர்ப் பக்கம் போய்விட்டான்.

செல்லன் விஷயம் தெரிந்துகொண்ட தாயம்மா, "எப்புடித்தான் சொல்லாம நின்னீங்க?" என்று கேட்டாள்.

"அதுக்கு மேல வாயத் தொறந்தா அழுதுருவேன்னு பயமா இருந்துச்சு," என்றான் இருசப்பன்.