அண்ணன் சாப்பிட்ட மாத்திரை

அந்த மாத்திரைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் அண்ணன், மதினி, டாக்டர், ஒரு நர்ஸம்மா, நான். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஊரில் பலவிதமாகப் பேசினார்கள் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஆவுடையார்கோவில் பக்கம். அப்பா தவறிய பின் ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, என்னை ஒரு குறையும் இல்லாமல் கட்டிக்கொடுத்தார். அவருடைய இடது கால் சில்லிட்டே கிடந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐஸ்ல நிக்கிறவன் காலு வேற எப்படி இருக்கும்?" என்று அண்ணனும் சிரித்துவிடுவார்.

கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ரத்தக்குழாய் அடைப்பு என்று தெரிந்தது. மற்றக் காலிலிருந்து குழாய் எடுத்து, அடைப்பைத் தாண்டி வைத்துத் தைத்தார்கள். கால் பிழைத்தது.

தைத்த குழாய் மறுபடி சுருங்காமல் இருக்க ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறோம், விருப்பம் இருந்தால் சேரலாம், வேண்டாம் என்றாலும் வைத்தியம் குறையாது என்றார் டாக்டர். வழக்கமான மாத்திரைகள் எல்லாருக்கும் உண்டு. அதோடு சிலருக்குப் புது மருந்து, சிலருக்குப் பார்க்க அதே மாதிரி மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். எட்டாவதோடு நின்ற நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாண்ணே. டாக்டருக்கே தெரியாதாம்ல!"

"ஏத்தா, அவருக்கே தெரியலைன்னா நம்மள எப்படி ஏமாத்துவாரு?"

"சிஸ்டர், இவுகளுக்கு முன்னாடி இவுக தங்கச்சிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்றார் மதினி. அண்ணன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் அவர் தும்மினாலும் எனக்கு அந்த மாத்திரை மேல்தான் சந்தேகம். அவரோ மறுபடி வேலைக்குப் போனார், நடந்தே கடைவீதி போய் வந்தார்.

மழைக்காலத்தில் நிமோனியா வந்து சில நாளிலேயே அண்ணன் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள், "அந்த மாத்திரைதான் கொன்னுருச்சு" என்றபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. கருமாதி முடிந்த பிறகு டாக்டரே போன் செய்தார். அண்ணனின் இறப்பை விசாரித்து, அவருக்குக் கொடுத்தது எது என்று மூடி வைத்திருந்த பதிவைத் திறந்து பார்த்துவிட்டார்களாம்.

"உங்க அண்ணன் சாப்பிட்டது மருந்து இல்லாத மாத்திரைம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. உடனே அடுத்த கவலை வந்துவிட்டது.

"அப்ப அண்ணன் சாப்பிட்டதெல்லாம் வீணா சார்?"

"அவர மாதிரி ஆளுங்க இல்லைன்னா, மருந்து வேலை செய்யுதான்னு எதோட ஒப்பிட்டுச் சொல்றது?"

அண்ணனைத் தோளில் சுமந்த ஐஸ் கம்பெனிக்காரர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், டாக்டருக்கும், நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மருந்துள்ள மாத்திரையை எங்கோ யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் பக்கத்திலும் என்னைப் போல் ஒருத்தி பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய அண்ணன் நன்றாக இருக்கவேண்டும்.