குமிழைத் திருப்பிய காலை

எதிர்வீட்டுப் பெண் எண்ணெய் தேடும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் தன் கம்ப்யூட்டரில் நில அதிர்வுக் கோடுகளைக் காட்டினாள். ஒரே இரைச்சல், புதர் மண்டிய காடு மாதிரி. ஏதோ தட்டினாள். கனத்த அதிர்வுகள் தணிந்தன, மெலிந்தவை எழுந்தன. எல்லாம் ஒரு மட்டத்துக்கு வந்ததும் அடியிலிருந்த பாறை பளிச்சென்று தெரிந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மூக்கில் ஹைப்போ நாற்றம் அடித்தது.

ஹைப்போ என்பது போட்டோ கழுவும் மருந்து. எழுபத்தொன்றாம் வருஷ யுத்த காலத்தில் காரிமங்கலத்துக்குக் கிழக்கே, கிணற்றுக்கு இடம் பார்க்கும் சர்வே கோஷ்டியில் நான் உதவியாளன். கறுப்புக் கூடாரத்துக்குள் அந்த மருந்தில்தான் எங்கள் தாள்களைக் கழுவுவோம். சட்டை, சோறு, தலையணை எல்லாம் அதே நாற்றம். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், அது வேறு கதை.

வேலை இதுதான். குழியில் சின்ன வெடி வைப்போம். அதிர்வு மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டு ஓடி, வரிசையாகப் புதைத்த பெட்டிகளுக்கு வந்து, தாளில் கோடாக நெளியும். முதல் நெளிவு சீக்கிரம் வந்தால் பாறை பக்கத்தில். தாமதித்தால் பாறை ஆழத்தில். மேலே இருப்பது தண்ணீர் தங்கும் உளுத்த கல், தாராளமாகத் தோண்டலாம். அந்த முதல் நெளிவு மயிரிழைதான். பக்கத்தில் மாடு நடந்தாலே மறைந்துவிடும். அதனால் வெடி போடும் நாட்களில் யாரும் கவலை ஓட்டக் கூடாது, அதாவது எருது பூட்டித் தோல்சாலில் நீர் இறைக்கக் கூடாது என்பது மேலதிகாரியின் கட்டளை. இரக்கமில்லாத மனுஷன் என்று அவரை மனசுக்குள் திட்டுவேன்.

மாதையன் என்ற விவசாயியின் நிலத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய பழைய கிணறு வற்றிக்கொண்டு வந்தது. இரவெல்லாம் ஊறுவதை விடியலில் இறைத்தால்தான் மிளகாய்ச் செடிக்கு உண்டு. மேலதிகாரி சேலம் போயிருந்த அன்று காலை மாதையன் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, எங்க எருது நடந்தா உங்க பொட்டிக்குக் காது வலிக்குதுங்களா? ரெண்டு நாளா நிறுத்திட்டனுங்க. இன்னிக்கும் தண்ணி உடலைன்னா அத்தனையும் சுருண்டுருங்க."

"நீங்க ஓட்டுங்கண்ணா. சத்தத்த நான் பாத்துக்கறேன்" என்றேன். அரைகுறைப் படிப்பு, முழுத் திமிர்.

கருவியில் ஒரு குமிழைத் திருப்பினால் மெதுவாக ஆடும் கனத்த அதிர்வு வெட்டுப்படும். இன்னொன்று மிச்சத்தைப் பெருக்கும். எருது நடை காணாமல் போகும்வரை இரண்டையும் திருப்பினேன். தாளைக் கழுவி எடுத்தால் அத்தனை சுத்தம். முதல் நெளிவு தாமதமாக, அழகாக வந்திருந்தது. திரும்பி வந்த மேலதிகாரியும் முதுகில் தட்டிக்கொடுத்தார். கவலை ஓடியதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மாதையன் எருதுகளை விற்றுக் கிணறு வெட்டினார். பன்னிரண்டாவது அடியில் கடப்பாரை கணீரென்றது. முழுப் பாறை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. பாறையிலிருந்து வந்த உண்மையான முதல் நெளிவும், மயிரிழையானாலும், எருது நடையைப் போல மெதுவாக ஆடும் கனத்த வகைதான். இரண்டையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன். நான் முதலாவதென்று படித்தது அடுத்து வந்ததை.

மாதையன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "உங்க காயிதத்துல நல்லாத்தானுங்களே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கோடைக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார். நான் ஈரநெஞ்சு காட்டாமல், இன்னும் ஒரே ஒரு நாள் நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் மிளகாய் மட்டும்தான் போயிருக்கும்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "மூலப் பதிவு அப்படியே இருக்கும் அங்கிள். தப்பாப் போனா மறுபடி மொதல்லேர்ந்து பண்ணுவோம்" என்றாள். கொடுத்துவைத்தவள். எங்களுக்குத் தாளில் ஏறுமுன் வெட்டியது வெட்டியதுதான்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கவலை ஓடி எத்தனையோ வருஷமாகிறது. மாதையனின் எருது நடை எப்படியிருக்கும் என்று சொல்லவும் ஆளில்லை. அது பதிந்திருக்க வேண்டிய ஒரே இடம் இந்தத் தாள். இதில் அது இல்லை.