ஸ்டிக்கருக்கு அடியில்

சனி, ஞாயிறு வந்துவிட்டால் வாகியோவுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. மலைச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களையும் அவர்களுடைய சைக்கிள்களையும் பிக்கப் வண்டியில் ஏற்றி, ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி உச்சியில் இறக்கிவிடுவதுதான் அவர் பிழைப்பு. அவர்கள் கல்லும் வேருமான காட்டுப் பாதையில் தடதடவென்று இறங்கி வருவார்கள். இவர் மறுபடி அள்ளிக்கொண்டு மேலே போவார். அந்தப் பிழைப்பில் ஒரு கெடுதல், எந்தச் சைக்கிள் எங்கே முறியும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டது. போன மழைக்காலத்தில் மலாங் நகரத்திலிருந்து வந்த ஒருவன் பேர் தெரியாத கம்பெனிச் சைக்கிளில் இறங்கினான். ஹாண்டில்பாருக்குக் கீழே வெல்டிங் விட்டுப் பிரேம் இரண்டாகப் போனது. அவனை இதே வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு போனவர் வாகியோ. ஆள் பிழைத்தான், நடக்கத்தான் முடியவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டிலேயே பேர் தெரியாத சைக்கிள் பேச்சு வந்தால் தூக்கம் வருமா?

மகள் ரெத்னோவுக்கு வெளியூர்க்காரர்களுக்குப் பாதை காட்டும் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. சொந்தச் சைக்கிள் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பேர்போன கம்பெனிச் சைக்கிளுக்கு வீட்டையே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து, தெருவின் பழைய தலைவர், எல்லோரும் மரியாதையாக 'பாக்' என்று கூப்பிடும் சுதார்மன், கடல் தாண்டிக் காலிமந்தானுக்கு வேலைக்குப் போய்விட்ட தன் மகனின் சைக்கிளை ரெத்னோவுக்குத் தருகிறேன் என்றார். 'குமித்திர்' என்று பேர். மலைக்கு அந்தப் பக்கம் யாரோ சின்னப் பட்டறைக்காரர்கள் செய்தது. வாகியோ தன் ஆயுளில் அந்தப் பேரைக் கேட்டதில்லை.

வேறு யாராவதாக இருந்தால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து அலசியிருப்பார். ஆனால் சுதார்மன்! மண் சரிந்து வாகியோவின் வீட்டுச் சுவர் போனபோது ஒரு மழைக்காலம் முழுக்கத் தன் வீட்டில் அறை கொடுத்தவர். வண்டி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

போய் உட்கார்ந்தார்கள். இனிப்பு டீ வந்தது, சோயாவில் செய்த தெம்பே வறுவல் வந்தது. ரெத்னோ பிரேக்கை அழுத்திப் பார்த்தாள், சக்கரத்தைச் சுற்றிவிட்டாள், முன்பக்கத்தை அமுக்கி ஸ்பிரிங் எழும்புவதைப் பார்த்துப் பூரித்தாள். வாகியோவின் கண் மட்டும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. ஹாண்டில்பாருக்குக் கீழே, குழாய்கள் சேரும் அந்தப் பாழாய்ப்போன இடத்தில், ஒரு சிவப்பு ஸ்டிக்கர். சைக்கிள் பழசு, ஸ்டிக்கர் புத்தம் புதுசு. அந்த இடத்தில் எவன் ஸ்டிக்கர் ஒட்டுவான்? விரிசலை மறைக்கிறவன்தான் ஒட்டுவான்.

"என்ன வாகியோ, வாயில கொழுக்கட்டையா? எப்படி இருக்கு, சொல்லுப்பா" என்றார் சுதார்மன்.

"நல்லா இருக்கு பாக். ரொம்ப நல்லா இருக்கு."

அந்த ஊரில் பெரிய மனிதர் கொடுக்கிற பொருளை அவர் கண்முன்னால் கிளறிப் பார்ப்பது, அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். வாகியோ டீயோடு சேர்த்துச் சந்தேகத்தையும் விழுங்கினார்.

"அவசரமே இல்ல. சனிக்கிழமை ஒரு தடவை மேலேர்ந்து இறக்கிப் பாரு. புடிச்சா எடுத்துக்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார் சுதார்மன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பைனெம் பிடித்துக்கொண்டாள். "ஊரான் சைக்கிளையெல்லாம் தட்டிக் கொட்டிப் பாக்குற ஆளு. சொந்தப் பொண்ணுக்குன்னா வாய்ல பூட்டா?"

"எப்படிடி கேக்குறது? அவரு மூஞ்சிய பாத்து, விரிசலை மறைச்சிருக்கீங்களான்னு கேக்கவா?"

"அப்ப வேணாம்னு சொல்லிடு."

"அதுவும் எப்படிச் சொல்றது?"

"நல்லா இருக்குய்யா உன் மரியாதை! பொண்ணு இடுப்பொடிஞ்சு கிடந்தா அந்த மரியாதையா வந்து தூக்கும்?"

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. ரெத்னோ போனில் தேடி, குமித்திர் வைத்திருக்கிற யாரோ நாலு பேர் புகழ்ந்து எழுதியதை வாசித்துக் காட்டினாள். "பாத்தியாப்பா? சும்மா பயந்து சாகாத" என்றாள். புகழ்ந்தவன் ஓட்டிய சைக்கிள் வேறு, இது வேறு என்று அவருக்குச் சொல்லத் தோன்றியது.

சனிக்கிழமை சுதார்மனும் கூட வந்தார். வழக்கம்போல முன்சீட்டில் வாகியோவின் பக்கத்தில் உட்கார்ந்து, கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, மகன் இந்தச் சைக்கிளில் விழுந்து எழுந்த கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது கேட்டுவிடலாம், அடுத்த வளைவில் கேட்டுவிடலாம் என்று வாகியோ நினைத்து நினைத்தே உச்சி வந்துவிட்டது.

ரெத்னோ ஹெல்மெட்டை மாட்டி, முழங்கால் கவசத்தை இறுக்கி, சைக்கிளில் ஏறினாள். பாதையின் வாயில் முன்சக்கரம் போய் நின்றது. கீழே முதல் இறக்கம், பார்த்தாலே தலை சுற்றும்.

"இறங்கு!"

தன் குரல்தானா என்று வாகியோவுக்கே சந்தேகம். ஓடிப் போய் ஹாண்டில்பாரைப் பிடித்தார். ரெத்னோ "அப்பா, என்னப்பா இது, மானம் போகுது" என்று பல்லைக் கடித்தாள். அவர் காதில் விழவில்லை. நகத்தைக் கொடுத்து ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பி, சர்ரென்று கிழித்தார்.

விரிசல் இல்லை. மயிரிழை அளவுகூட இல்லை. வெல்டிங் அவ்வளவு சுத்தம்; பேர்போன கம்பெனிகளில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஆனால் கையில் வந்த ஸ்டிக்கரோடு ஒரு சின்னத் தாளும் இரண்டாகக் கிழிந்து வந்திருந்தது. அரபி எழுத்து. கீழே சின்னதாக, ரெத்னோவின் பேர்.

சுதார்மன் பக்கத்தில் வந்து நின்றார். கோபமே இல்லை. அதுதான் கொடுமை.

"மசூதிப் பெரியவர்கிட்ட எழுதி வாங்குனேன். பிரயாணத்துல காப்பாத்துற துஆ. பொம்பளப் புள்ள, இந்த மலையில இறங்கப் போகுது. மழையில நனையக் கூடாதேன்னு மேல ஸ்டிக்கர் ஒட்டுனேன்."

வாகியோவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "பாக்... நான்... விரிசலோன்னு..."

"பாக்கறது நல்லதுதான். நீங்க பெத்தவரு" என்றார் சுதார்மன்.

இத்தனை வருஷத்தில் வாகியோவை அவர் 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

"இப்ப போகட்டுமா, வேணாமா?" என்றாள் ரெத்னோ. அவள் கண் கலங்கியிருந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. வேலை கொடுக்கப் போகிறவர்கள் கீழே அவளுக்காகக் காத்திருந்தார்கள். பிரேம் நன்றாக இருக்கிறது, இனித் தடுக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் காப்பாக எழுதியதைக் கிழித்துவிட்டு அனுப்புவதா? வாகியோவின் கை தானாக ஹாண்டில்பாரை விட்டது. ரெத்னோ பாய்ந்தாள். இறக்கத்தில் சரிந்து இறங்கி, புதருக்குள் மறைந்து போனாள்.

சக்கரச் சத்தம் கேட்டது, பிறகு கல் உருளும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கிழிந்த தாளைக் கசங்காமல் பொத்திக்கொண்டு வாகியோ நின்றார். ஏதாவது ஓதலாம் என்றால் ஒரு வரியும் நாக்கில் வரவில்லை. ஆண்டவனே, ஆண்டவனே என்பதோடு சரி.

திரும்பிப் பார்த்தார். சுதார்மன் பாதையின் விளிம்பில், சரிவைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் ஏந்தி நின்றிருந்தார். உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்து, எங்கோ ஆழத்திலிருந்து, "அப்பா! அருமையான சைக்கிள்ப்பா!" என்று ஒரு கூவல் ஏறி வந்தது.

அதற்கப்புறம்தான் அந்த உதடுகள் நின்றன. சுதார்மன் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்.

"வாங்க, போகலாம். பொண்ணு காத்துக்கிட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டுக் கதவைத் தாண்டி நடந்து போய், சேறு படிந்த பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.