அக்கா தேர்ந்தெடுத்த ரூட்டர்

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எங்கள் வீட்டில் அது ஒரு செய்தியே அல்ல. ஆனால் நாங்கள் ரூட்டர் வாங்கிய கதையை அதைச் சொல்லாமல் தொடங்க முடியாது.

மல்லசமுத்திரத்தில் எங்கள் வீடு அகலம் குறைந்து நீளமாகக் கிடக்கும். முன்னால் கூடம், அடுத்து நடு அறை, பிறகு சமையலறை, கடைசியில் பின்னாளில் சேர்த்துக் கட்டிய அக்காவின் அறை. அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெண்கள். நான் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கம்பெனி அலுவலகத்தில் போனில் பேசுகிற வேலைக்குப் போய்வருகிறேன். அக்கா வீட்டிலிருந்தே சைகை மொழி சொல்லித் தருகிறாள். அவளிடம் படிப்பவர்கள், காது கேளாத பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெவ்வேறு ஊர்களிலிருந்து அவளுடைய மடிக்கணினித் திரையில் கட்டம் கட்டமாக வந்து உட்காருவார்கள்.

இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன பழைய ரூட்டர் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. தூசி படியக்கூடாதென்று அம்மா அதற்குப் பூப்போட்ட உறை ஒன்று தைத்துப் போட்டிருந்தார். அது சூடாகிச் சூடாகி அடிக்கடி நின்றுபோகும். உறையைக் கழற்றிய பிறகும் நின்றது. எனக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். நாம் பேசும்போது படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும். குரல் அறுந்தாலும் பாதிச் சொல்லைக் கொண்டு மீதியை ஊகித்துவிடலாம். அக்காவுக்கு அப்படியில்லை. கை அந்தரத்தில் உறைந்துவிட்டால் அந்தச் சொல் போய்ச் சேராது. சில சமயம் வேறொரு சொல்லாகப் போய்ச் சேரும். ஒருமுறை, கொஞ்சம் பொறு என்று அவள் காட்டியது பாதியில் உறைந்து, போதும் போ என்பதாக ஓர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் அடுத்த வாரம் பாடத்துக்கு வரவில்லை. அக்கா அவளைத் தேடிப் பிடித்துச் சமாதானம் சொன்ன கையோடு என்னிடம் வந்தாள். அவள் கையால் சொல்வதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"புது டப்பா வாங்கோணும். நான் பாத்துத்தான் எடுப்பேன்."

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். நான் அதற்குள் இணையத்தில் நிறையப் படித்து ஒன்றை மனதில் முடித்து வைத்திருந்தேன். சிலந்தியைக் கவிழ்த்து வைத்தாற்போல எட்டு ஆன்டெனா. கடைக்காரரும் அதையேதான் எடுத்து வைத்தார். நாற்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். அக்காவுக்குக் கேட்காது என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தே விளக்க ஆரம்பித்தார். அக்கா மேசையை மெல்லத் தட்டினாள். அவர் திரும்பியதும், வாங்குவது நான்தான் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அதற்கப்புறம் அவர் அவள் முகத்தைப் பார்த்து, வாயசைவு தெரிகிறமாதிரி நிதானமாகவே பேசினார். நான் இடையில் நின்று கைக்கும் வாய்க்கும் மொழிபெயர்த்தேன்.

அக்கா அட்டைப் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்வளவு வேகம்னு எழுதியிருக்கு. எவ்வளவு நேரம் நிக்காம ஓடும்னு எங்க எழுதியிருக்கு?"

கடைக்காரர் பெட்டியை வாங்கி அவரும் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். "அதைய எந்தக் கம்பெனிக்காரனும் எழுத மாட்டானுங்க," என்றார். "அது உங்க ஊட்டுல வெச்சுப் பாத்தாத்தான் தெரியுங்க."

அப்படியானால் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்றாள் அக்கா. எட்டு ஆன்டெனாவையும், அதைவிட எளிய, நாலே ஆன்டெனா வைத்த இன்னொன்றையும், மின்சாரம் போனால் ரூட்டரைத் தாங்குகிற கையகல யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்துத் தனியாக எடுத்து வைத்தாள். வழக்கமாக இப்படிக் கொடுப்பதில்லை என்று அவர் தயங்கினார். பாடம் நடத்துவதற்காகக் கேட்கிறாள் என்று நான் விளக்கியதும், பெட்டி கசங்காமல் ஒன்றைத் திருப்பித் தந்தால் போதும் என்று கொடுத்தனுப்பினார்.

நானாக இருந்தால் செல்போனில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து, எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டிருப்பேன். அக்காவின் சோதனையே வேறு. கும்பகோணத்தில் அவளுக்கு ஒரு தோழி. அவளுக்கும் காது கேட்காது. அவளை வீடியோவில் கூப்பிட்டு, பள்ளிபாளையம் சிக்கன் செய்வது எப்படி என்று கூடத்தில் தொடங்கிச் சொல்லிக்கொண்டே அறை அறையாக நடந்தாள். நான் அவள் முகமும் கையும் தெரிகிறமாதிரி செல்போனைப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்தேன். தோழி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

முதலில் எட்டு ஆன்டெனா. கூடத்தில் சின்ன வெங்காயம் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. நடு அறையில் வரமிளகாயும், அதை விதையெடுத்துக் கிள்ளிப் போட வேண்டும் என்பதும் சேர்ந்தன. சமையலறை தாண்டியதும் அக்காவின் விரல்கள் திரையில் கரைத்த மாவுபோல் குழம்பின. தேங்காய்ப் பல் போய்ச் சேரவே இல்லை. செயலியைப் பார்த்தேன், அங்கேயும் வேகம் அமோகம் என்றுதான் காட்டியது. தேங்காய் எப்போது போடுவது என்று தோழி இரண்டாம் தடவை கேட்டாள். அக்கா கூடத்துக்கு நடந்துபோய், ரூட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு நீளமான கேபிள் ஒன்றை இழுத்து, நடு அறையின் நிலைக்கு மேலே அதை வைக்கச் சொன்னாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏஞ்சாமி, சாமி படத்துக்குப் பக்கத்துலயா அதைய வெப்ப?"

அக்கா படத்தைக் கும்பிட்டுவிட்டு ஒரு முழம் தள்ளி வைத்தாள். அம்மா சிரித்துவிட்டார்.

நடு அறையிலிருந்து இரண்டு ரூட்டரும் வீடு முழுக்க நன்றாகவே எட்டின. தேங்காய்ப் பல் கடைசி அறையிலிருந்தும் கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. இனி எட்டு ஆன்டெனாதான் என்று நான் நினைத்தேன். அக்கா மெயின் சுவிட்சை அணைத்தாள். கையகல யுபிஎஸ்ஸில் அந்தப் பெரிய டப்பா கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து அணைந்துபோனது. அது தின்கிற மின்சாரத்துக்கு இது ஈடுகொடுக்கவில்லை. யுபிஎஸ்ஸை மறுபடி சார்ஜ் ஏற்றி நாலு ஆன்டெனாவை மாட்டி, மெயினை மறுபடி அணைத்தோம். அம்மா சாதம் வடித்து, குழம்பு தாளித்து, எங்களைச் சாப்பிடக் கூப்பிடும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று சைகை காட்டினாள். கும்பகோணத்துத் தோழி அன்றைக்கே அந்தச் சிக்கனைச் செய்து, மிளகாய் தூக்கலாகிவிட்டதென்று கண்ணீர் வழியும் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினாள்.

அக்காவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இதுதான். சரியாத்தான் இருக்கும் என்ற சொல்லை அவள் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்வதில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தாங்களாகவே முடிவுசெய்துகொண்டு நகர்ந்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று எதிராளியின் கண்ணைப் பார்த்து உறுதி செய்யாமல் அவள் ஒரு சொல்லையும் விடுவதில்லை. பேசிப் பேசியே பிழைக்கிற எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எட்டு ஆன்டெனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் காரணத்தை அக்காவிடமே கேட்டார். அவள் சொல்லச் சொல்ல நான் பேசினேன். யுபிஎஸ் விஷயத்தைக் கேட்டதும், இனிமேல் வருகிறவர்களிடம் கரண்டு போவதைப் பற்றி முதலில் கேட்பேன் என்றார்.

அடுத்த ஞாயிறு நானும் அக்காவின் அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் என்ற சொல் நடந்துகொண்டிருந்தது. தம்மம்பட்டியிலிருந்து ஓர் அம்மா, தோளோடு ஒட்டி நின்ற தன் சின்ன மகளைக் கவனிக்காமல், திரையையே பார்த்து அக்கா காட்டியதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். பாதிப் பாடத்தில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. படம் நிற்கவில்லை. அந்த நேரத்தில் அந்தக் குழந்தை தன் குட்டிக் கையைத் தூக்கி அதே சொல்லைச் செய்தது. அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது.

"என்னையப் பாக்காதீங்க," என்று அக்கா கையால் சொன்னாள். "திரும்பி உங்க புள்ளையப் பாருங்க."

அந்தப் பெண் திரும்பினாள். குழந்தை அவளைப் பார்த்து மறுபடி கேட்டது: தண்ணீர். அவள் பதில் சொல்ல மறந்து, மகளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினாள். திரையில் வெறும் நாற்காலி தெரிந்தது. மற்றக் கட்டங்களில் இருந்த அம்மாக்கள் எல்லாரும் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைத்தார்கள். சைகை மொழியில் கைதட்டல் அதுதான். அக்காவும் அசைத்தாள். வியர்வையோடு சேர்ந்து அவள் கண்ணும் நனைந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். மடியில் குழந்தை, குழந்தையின் வாயில் டம்ளர், கவுனெல்லாம் ஈரம். அது குடித்து முடிக்கும்வரை அக்கா காத்திருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த சொல்லைக் காட்டினாள்: சோறு.