மூன்றே ஸ்டேஜ் நீர்யானை

மணிமாறனுக்கு உலகத்தில் பிடிக்காதவை ஏராளம். வளைகுடாவில் அவன் வேலை பார்க்கும் புஜைராவின் பிசுபிசுத்த கடற்காற்று பிடிக்காது. கேம்ப் மெஸ்ஸில் சாம்பார் என்று சொல்லி ஊற்றும் மஞ்சள் தண்ணீர் பிடிக்காது. எண்ணெய்த் தொட்டி கட்டும் சைட்டில் அவன் பார்க்கும் டைம் கீப்பர் வேலை சுத்தமாகப் பிடிக்காது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன், தன் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள், காலை ஐந்தரைக்கு பஸ் வாசலில் நின்று நானூறு பேருக்கு டிக் போடுகிறான். இதற்கு டிகிரி எதற்கு, இரண்டு கண்ணும் ஒரு பேனாவும் போதுமே என்று தன்னையே கேட்டுக்கொள்வான்.

இத்தனையையும்விட அவனுக்குப் பிடிக்காதது ஒரு நீர்யானை.

அது தபால்கார நீர்யானை. ஏதோ ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பார்த்த கார்ட்டூனில் அது வீடு வீடாகக் கடிதம் கொடுக்குமாம். அந்தக் கார்ட்டூன் ஓடிய கையோடு, அதன் பெயரை விலைக்கு வாங்கி யாரோ ஒரு டிவி கேம் செய்திருந்தார்கள். கேமில் கடிதமும் இல்லை, வீடும் இல்லை. நீர்யானை பறவைகள் மேல் கேரட் எறிந்துகொண்டே குதிக்கிறது. முதலை மேல் விழுந்தால் ஒன்றும் ஆகாது. பட்டாம்பூச்சி தொட்டால் செத்துப்போகும். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு பட்டாம்பூச்சிக்குத் தாங்கவில்லை.

இந்த மாதிரிக் கேம்களைப் போட்டுக் காட்டி, கேமராவைப் பார்த்துத் திட்டுவதுதான் மணிமாறனின் வெள்ளிக்கிழமை வேலை. சைட் ஆபீஸில் வேலையில்லாத ஒரு மதியம் யூடியூபில் அப்படியொரு வீடியோவைப் பார்த்தான். எவனோ ஒருவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இருபது வருடத்துக்கு முந்திய கேமைத் திட்டுகிறான். லட்சம் பேர் கேட்டுச் சிரிக்கிறார்கள். மணிமாறனுக்கு வியப்பாக இருந்தது. தன்னை என்ஜினீயர் திட்டுகிறான், போர்மேன் திட்டுகிறான், பஸ் டிரைவர்கூட 'ஜல்தி, ஜல்தி' என்று அதட்டுகிறான். கல்லூரியில் வாய் திறக்காமல் இருந்ததற்காக நல்ல பையன் என்று பெயர் எடுத்தவன் அவன். திட்டுகிற பக்கம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

2008இல் ஒரு பழைய டிவியும் ஒரு டிஜிட்டல் கேமராவும் வாங்கினான். டிவி கேம் பெட்டியும் அதில் போடும் கேசட்டுகளும் செய்கு முகம்மதுவின் கடையில் கிடைத்தன. கீழக்கரைக்காரர், ரேடியோ, சார்ஜர், டார்ச் லைட் என்று எல்லாம் விற்பவர். ஏழு வீடியோ போட்டான். நாற்பது பேர், ஐம்பது பேர் பார்த்தார்கள். எட்டாவதுக்கு முன்னால் அந்த அறிவிப்பு வந்தது. இப்படித் திட்டுகிறவர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ஒரு அமெரிக்க வெப்சைட், புதிதாக ஒரே ஒரு ஆளைச் சேர்க்கப்போகிறதாம். ஒரு வீடியோ அனுப்பலாம். பிடித்தால் முதல் பக்கத்தில் பெயர்.

மணிமாறன் நீர்யானையை எடுத்தான்.

ரூமில் நான்கு பேர். வெள்ளிக்கிழமை இரண்டு பேர் பீச்சுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர் ராக்கப்பன். சிவகங்கைப் பக்கம், வெல்டர், ஸ்டவ்வை மூலையில் வைத்துக் கறி சமைப்பவர். இங்கிலீஷ் தெரியாது என்பதால் மணிமாறன் அவரைப் பொருட்படுத்தவில்லை. கேமராவை ஆன் செய்து, கல்லூரியில் மனப்பாடம் செய்த இங்கிலீஷில் ஆரம்பித்தான்.

"என் எட்டாவது பிறந்தநாளுக்கு அப்பா இந்தக் கேசட்டை வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் யாரையும் நம்புவதில்லை."

நல்ல வரிதான். ஆனால் எல்லாம் பொய். திட்டுகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று அவனும் ஆரம்பித்தான். அவனுடைய எட்டாவது வயதில் அப்பா கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்தது. டிவி கேம் என்ற பொருளை அவன் முதன்முதலில் கையால் தொட்டது இருபத்துநாலாவது வயதில், செய்கு முகம்மதுவின் கடையில்.

குக்கர் விசில் அடித்தது. அவன் விடாமல் திட்டினான். மூன்றாம் ஸ்டேஜ் முடிந்ததும் முதல் ஸ்டேஜே நிறம் மாறித் திரும்ப வந்தது. அங்கேதான் உச்சத்துக்குப் போனான். "இதைச் செய்தவர்கள் மூன்று ஸ்டேஜ் செய்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். இன்னும் திரும்பி வரவில்லை. உலகத்திலேயே சோம்பேறிகள் இவர்கள்தான்."

கேமராவை அணைத்ததும் ராக்கப்பன் கரண்டியோடு திரும்பினார்.

"ஏப்பா மணி, அந்த மிருகம் உனக்கு என்னப்பா செஞ்சிச்சு? வெள்ளிக்கெழமை ஆனா அதப் புடிச்சு வையுற."

"அது ஒரு வேலண்ணே. ஒங்களுக்குப் புரியாது."

"பாதர்னு சொன்னியே. உங்க அய்யாவையுமா வஞ்ச?"

"இல்லண்ணே. சும்மா."

"சும்மா சொல்றதுக்கு வேற ஆளா கெடைக்கல?" என்று சொல்லிவிட்டு அவர் கறியைக் கிளறினார். வெல்டருக்கு என்ன தெரியும் என்று மணிமாறன் வீடியோவை அனுப்பினான்.

பதினோராம் நாள் வெப்சைட் நடத்துகிறவரிடமிருந்து மெயில் வந்தது. கொஞ்சம்தான் எழுதியிருந்தார். அந்தக் கேமில் எட்டு ஸ்டேஜ் உண்டு. நீங்கள் வைத்திருப்பது போலி. மேலும், கேசட் லேபிளின் மூலையில் இருக்கும் பூனை வேறொரு கார்ட்டூனைச் சேர்ந்தது. அந்தக் கார்ட்டூன் 2004இல்தான் வந்தது. எந்த வருடம் உங்களுக்கு எட்டு வயது? குக்கர் விசில் மட்டும் நன்றாக இருந்தது. முடிவு சொல்ல இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

மணிமாறன் அதை நான்கு தடவை படித்தான். காது சூடாகிவிட்டது. லேபிளில் பூனை இருப்பதைத் தினமும் பார்த்திருக்கிறான். நீர்யானைக்குப் பூனை சிநேகிதன் போல என்று நினைத்திருந்தான். அந்தக் கார்ட்டூனையும் பார்த்ததில்லை, இந்தக் கார்ட்டூனையும் பார்த்ததில்லை. பார்க்காதவன் திட்ட வந்தால் இப்படித்தான் ஆகும்.

டூட்டி முடிந்த சாயங்காலம் கேசட்டோடு கடைக்குப் போனான்.

"பாய், டூப்ளிகேட்டக் குடுத்து ஏமாத்திட்டியளே."

செய்கு முகம்மது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏமாத்தினேனா? ஒரிஜினலான்னு ஒரு நாளாச்சும் கேட்டியளா தம்பி?"

"மூணு ஸ்டேஜ்தான் வருது."

"வருதுல்ல? அப்ப சரக்குல கொற இல்ல."

"லேபிள்ல வேற படத்துப் பூனை."

"பூனை ஓசி. அதுக்கு நான் காசு வாங்கல." அவர் கேசட்டை வாங்கிக் கவிழ்த்துக் காட்டினார். "சின்னதுல வெளாண்ட ஆளுக கையில வாங்கின ஒடனே திருப்பிப் பின்னாடி ஸ்க்ரூவப் பாப்பாக. ஒரிஜினலுக்கு ஸ்க்ரூ வேற மாதிரி. நீங்க முன்னாடி படத்த மட்டும் பாத்திய. எட்டுக் கேசட்டு வாங்கினிய. எட்டுக்கும் படத்தத்தான் பாத்திய. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், இவுக வெளாண்ட ஆளு இல்லன்னு."

நானூறு பேர் முகத்தை வைத்து யார் வேலைக்குப் புதுசு என்று கண்டுபிடிக்கிறவன் அவன். அவனை ஒரு டார்ச் லைட் கடைக்காரர் ஒரு ஸ்க்ரூவை வைத்து எடைபோட்டுவிட்டார்.

"ஒரிஜினல் இருக்கா?"

இருந்தது. ஊருக்கே திரும்பிப் போகும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் விற்றுவிட்டுப்போன சாமான்களோடு கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. லேபிளில் பூனை இல்லை. மணிமாறன் முதலில் திருப்பி ஸ்க்ரூவைப் பார்த்தான். செய்கு முகம்மது மீசைக்குள் சிரித்தார்.

அந்த வாரம் முழுக்க அந்த எட்டு ஸ்டேஜையும் விளையாடினான். கேம் உண்மையில் நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பயப்பட்டிருக்க வேண்டாம். நான்காம் ஸ்டேஜில் நீர்யானைக்குத் தண்ணீருக்குள் மூச்சு முட்டியது. ஐந்தாவதில் ஏணி கண்ணுக்குத் தெரியாது. ஆறும் ஏழும் ஒரே ஸ்டேஜ், ஒன்றில் இடமிருந்து வலம், மற்றதில் வலமிருந்து இடம். எட்டாவதை முடித்தால் ஒரு வரி வாழ்த்து வந்தது, அதிலும் நீர்யானையின் பெயர் தப்பு. மணிமாறனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவன் வளைகுடாவில் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கேமரா. ஆரம்பித்த இங்கிலீஷ் இரண்டாவது நிமிடமே தீர்ந்துபோனது. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வசவு மொத்தம் ஆறு. அதில் நான்கு அந்த அமெரிக்கக்காரர்களிடமிருந்து கற்றது. நிறுத்திவிட்டுத் தமிழில் தொடங்கினான். இங்கிலீஷைக் கீழே எழுத்தாகப் போட்டுக்கொள்ளலாம்.

"போன தடவ நான் சொன்னது பொய். எங்க அப்பா எனக்குக் கேசட்டு வாங்கித் தரல. அவருக்கு என் பொறந்தநாளே தெரியாது, எனக்கும் தெரியாது. இத நான் வாங்கினது போன வருசம், அதுவும் டூப்ளிகேட்டு. ஸ்க்ரூவப் பாக்கத் தெரியாத கூறுகெட்ட பய நான். ஆனா இப்ப எட்டு ஸ்டேஜும் பாத்துட்டேன். அந்த டூப்ளிகேட்டு அடிச்ச புண்ணியவான் எவன்னு தெரியல. இந்த வெளங்காத கேம்ல அஞ்சு ஸ்டேஜ வெட்டித் தூக்கி எறிஞ்சிருக்கான். இந்தக் கேமுக்கு இதவிட நல்ல விமர்சனம் எவனும் எழுத முடியாது. நானும் எழுதல, நீங்களும் எழுதல."

மூலையில் ராக்கப்பன் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. குக்கர் விசில் அடித்தது, எண்ணாமல் விட்டார். "அடேய், இத்தன நாளா இதையாடா சொல்லிக்கிட்டிருந்த" என்று அவர் கேட்டதும் வீடியோவில் பதிவாகிவிட்டது. அன்றைக்குக் கறி குழைந்துபோனது.

அனுப்பினான். மிச்சமிருந்த ஒரு வாரமும் சைட் ஆபீஸில் மெயிலைத் திறந்து திறந்து மூடினான். தன் பெயர் அந்த முதல் பக்கத்தில் வந்துவிட்டால், காலை ஐந்தரைக்கு டிக் போடும்போது தன் கை வேறு மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

பதில் கடைசி நாளில் வந்தது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். நீங்கள் பேசுவதில் பாதி எங்கள் பார்வையாளர்களுக்கு எட்டாது. ஆனால் ஒரு கேள்வி: அந்த மூன்று ஸ்டேஜ் போலிக் கேசட்டை விற்பீர்களா? எங்கள் ஆட்கள் இருவர் அதை விளையாட ஆசைப்படுகிறார்கள். எட்டு ஸ்டேஜை யாராலும் தாங்க முடியவில்லை.

மணிமாறன் கேசட்டை மேஜை டிராயரிலிருந்து எடுத்தான். பூனை மூலையில் இளித்துக்கொண்டிருந்தது. ஆள் வேண்டாம், அவன் ஏமாந்து வாங்கிய பொருள் மட்டும் வேண்டும். இவர்களும் ஒரு கம்பெனிதான். வெளியே போர்மேன் 'யல்லா, யல்லா' என்று கத்திக்கொண்டிருந்தான். போகத்தான் வேண்டும். போவதற்கு முன் உட்கார்ந்து பதில் அடித்தான், இங்கிலீஷில், தப்பில்லாமல்:

"விற்பதற்கில்லை. நான் இன்னும் அதைத் திட்டி முடிக்கவில்லை."