மலைக்கு முதுகு

கண்ணாயிரத்தை யார் நிறுத்தி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் "நல்லாக் கீறேன்" என்பார். முட்டி வீங்கி, ஒரு காலை இழுத்துக்கொண்டு வரும்போதும் அதே பதில்தான். கேட்டவர்களுக்கும் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அவருக்கும் நின்று பேச நேரம் இருந்ததில்லை.

அடி அண்ணாமலையில் பிறந்தவர். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைச் சுற்றி வாடகை அறைகளும் கஃபேக்களும் முளைத்த காலத்தில் அந்தக் கட்டடங்களுக்கு மண் சுமந்தார். அறைகளில் ஆட்கள் வந்து தங்க ஆரம்பித்ததும் அவர்களுக்குத் தண்ணீர் கேன் சுமந்தார். சாதாரண சைக்கிளில் கேனைக் கட்டி மிதித்துப் பார்த்துவிட்டு, இது வேலைக்கு ஆகாது என்று அதைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே பின்சக்கரத்தை ஒரு முழத்துக்கும் மேல் பின்னால் தள்ளி, நடுவில் கனமான இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்தார்கள். ஒரு சங்கிலி எட்டவில்லை என்று இரண்டை இணைத்தார்கள். மொபெட் ஸ்டாண்டு ஒன்றை அடியில் மாட்டினார்கள். சுமை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டதால் முன்சக்கரம் தூக்காது. நேர் ரோட்டில் அது ராஜா வண்டி. திருப்ப வேண்டும் என்றால்தான் தெருவே வேண்டும். தெருப்பிள்ளைகள் அதைப் பார்த்ததும் "ரயிலு" என்று கத்தின. அன்றிலிருந்து அவர் ரயிலு கண்ணாயிரம்.

ரயிலில் அவர் ஏற்றாதது எதுவும் இல்லை. கேன், கேஸ் சிலிண்டர், மெத்தை, வெள்ளைக்காரர்களின் பெட்டி. ஒரு வெளிநாட்டுப் பெண் அதைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு, "பியூட்டிஃபுல்" என்றாள். நீ மிதித்துப் பார் தாயே என்று கண்ணாயிரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அந்த வண்டியைக் கண்ணால் கண்டாலே அவருக்கு ஆகாது. காலையில் அதன் முகத்தில் விழிக்கும்போதே முட்டி வலிக்கத் தொடங்கிவிடும். ஆனாலும் மிதித்தார். மகள் எழில் அந்த மிதியில்தான் படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள்.

அவர் மனைவி சந்திரம்மாளுக்கு வேறு வழக்கம். பௌர்ணமியில் ஊரே மலையைச் சுற்றும்போது அவள் வீட்டு வாசலில் வேகவைத்த வேர்க்கடலை விற்பாள். கூட்டம் ஓய்ந்த மறுநாள், குப்பையும் செருப்பும் சிதறிக் கிடக்கும் பாதையில் தனியாக நடந்து சுற்றிவிட்டு வருவாள். கால் வலிக்கவில்லையா என்று கேட்டால், "ஒவ்வொரு திருப்பத்துலயும் அது வேற ஆளா நிக்குதுயா, பாத்துக்கினே போனா வலி எங்க தெரியுது" என்பாள். கண்ணாயிரத்துக்கு இதெல்லாம் புரிந்ததில்லை. வீட்டுக் கொல்லையில் நின்றாலே மலை தெரிகிறது, அதற்கு எதற்கு இவ்வளவு நடை என்பது அவர் கட்சி.

போன வருஷம் சந்திரம்மாளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் காலும் ஒத்துழைக்கவில்லை. வாய் ஒரு ஓரம் தொங்கியது. கழுத்தை அதிகம் திருப்பினால் தலை சுற்றியது. பேச்சு மட்டும் கொஞ்சம் இழுத்தாலும் பழைய கூர்மையோடு திரும்பி வந்தது. எழில் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் இருவரும் ஓசூரில் தன்னோடுதான் என்று முடிவு செய்தாள். மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடி. கண்ணாயிரம் சரி என்றார். ரயிலைக் காயலாங்கடையில் போட்டுவிடலாம் என்பதில் அவருக்கு ரகசியமாக ஒரு சந்தோஷமும் இருந்தது.

சந்திரம்மாளும் சரி என்றாள். ஆனால் ஒன்று கேட்டாள்.

"ஒரு தபா சுத்திட்டு வந்துர்றேன்யா. எல்லாப் பக்கமும் பாத்துட்டேன்னா போதும்."

ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனார். திரும்பி வந்து இறங்கும்போது அவள் முகம் வாடியிருந்தது. "ஆட்டோல கூரைதான் தெரியுது. மலைக்கு அடிவாரம் மட்டும் தெரியுது, தல தெரியல" என்றாள். கண்ணாயிரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காக ஹெலிகாப்டரா கொண்டு வர முடியும் என்று கத்தினார். கத்திவிட்டுக் கொல்லைக்குப் போனார். அங்கே ரயில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கூரை இல்லை.

மறுநாள் வெல்டிங் வைக்கும் இனியனிடம் போய் நின்றார். கேன் வைக்கும் இடத்தில் ஓர் இருக்கை வேண்டும். பழைய ஆட்டோ சீட்டை வெட்டி மெத்தை செய்தார்கள். முதுகு சாய இரும்புச் சட்டம், கால் வைக்கப் பலகை, அவள் இடது கை பிடித்துக்கொள்ளப் பின்பக்கம் ஒரு கம்பி, இடுப்புக்குப் பழைய காரில் கழற்றிய பெல்ட். சந்திரம்மாளைக் கவிழ்த்த கேன்மேல் உட்காரவைத்து, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கண்ணாயிரமே கயிற்றால் அளந்து பலகையை இறக்கினார்; அது சரியில்லை என்று மறுபடி ஏற்றினார். சும்மா சொல்லக்கூடாது, வேலை கச்சிதம். எல்லாவற்றையும் அசையாதபடி பற்றவைத்து, துருப் பிடிக்காமல் பெயின்ட்டும் அடித்தார்கள். சந்திரம்மாள் அதைத் தடவிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்து, பிறகு நன்றாக இருக்கிறது என்றாள்.

எழில் கூட்டிப்போக வரும் நாளுக்கு முந்தைய நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். கிரிவலம் என்பதால் இருவர் காலிலும் செருப்பில்லை. மலையை வலப்புறமாக வைத்துத்தான் சுற்ற வேண்டும். அதிலும் மலையோரம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை என்பதால் மனிதர்கள் ரோட்டின் இடது ஓரத்தில்தான் போவார்கள். கண்ணாயிரமும் இடது ஓரத்திலேயே மிதித்தார். கேனை விட மனுஷி கனம் கம்மிதான். ஆனால் கேன் விழுந்தால் இன்னொரு கேன் வாங்கலாம். அவர் கண்ணை முன்சக்கரத்தை விட்டு எடுக்கவில்லை. பள்ளம் வந்தால் முட்டியில் ஊசி குத்தியது. வாயு லிங்கம் கடந்தது, குபேர லிங்கம் கடந்தது. மலை ஐந்து முகமாகத் தெரியும் இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"இந்தா, நல்லாப் பாத்துக்கோ. அஞ்சு மூஞ்சியும் தெரியுது."

பின்னாலிருந்து சத்தமில்லை.

"இன்னா, தூங்கிட்டியா?"

"எனக்குக் காவாதான் தெரியுது" என்றாள் சந்திரம்மாள். "அப்புறம் முள்ளுவேலி. நடுவுல ஒரு எருமை போச்சு."

கண்ணாயிரம் பிரேக்கைப் பிடித்தார். காலை ஊன்றி நின்று, மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். வண்டியில் பின்னால் உட்காரும் பெண்கள் இடப்பக்கம் பார்த்துத்தான் உட்காருவார்கள். அவர் பார்த்த அத்தனை சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் அப்படித்தான். அதனால் அவரும் அப்படியே அமைத்துவிட்டார். இனியனும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. எந்த ரோட்டுக்கும் அது பொருந்தும், இந்த ஒரு ரோட்டைத் தவிர. மலை வலப்பக்கம் இருந்தது. சந்திரம்மாளின் முதுகும், முதுகுக்குப் பின்னால் பற்றவைத்த சட்டமும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பேருக்குத்தான் கண்ணாயிரம்" என்றாள் அவள். "அத்தினி கண்ணுல ஒண்ணுகூட இதப் பாக்கலியா?"

"உனக்குத் தெரியும்ல? வூட்டுலயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ அவ்ளோ மெனக்கெட்டு செஞ்சுக்கினு வந்து நிக்கற. எப்பிடிச் சொல்றது? வுடு, போயிக்கினே இரு. நீ பாக்கறல்ல, அது போதும்."

அவர் வழி நெடுக மலையைப் பார்க்கவே இல்லை. அதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது. சீட்டை இப்போது கழற்றி மாட்ட முடியாது. வீட்டுக்குத் திரும்பினால் வழியெல்லாம் மலை அவள் கண்ணுக்கு நேராக இருக்கும். ஆனால் அது எதிர்ச்சுற்று, அதற்கு அவள் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். நாளைக்கு எழில் வந்துவிடுவாள்.

சரி, இந்த இடத்திலாவது நின்று பார்க்கட்டும் என்று வண்டியைத் திருப்பினார். ரயில் அவ்வளவு லேசில் திரும்புமா? ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் இழுத்து, இரண்டு கார்க்காரர்களிடம் திட்டும் வாங்கி, ஒருவழியாக வண்டி வந்த வழியைப் பார்த்து நின்றது. சந்திரம்மாளுக்கு நேர் எதிரே மலை. அவள் இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

ஓரம் கட்டுவதற்காகக் கண்ணாயிரம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து வண்டியைப் பின்னால் தள்ளினார். சாதாரண சைக்கிள் என்றால் மடங்கி விழுந்திருக்கும். அந்த நீளத்துக்கு ரயில் கோடு போட்டதுபோல் நேராகப் பின்வாங்கியது. சந்திரம்மாள் மலையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்.

"இப்பிடியே போயேன்யா."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மிச்சமிருந்த ரோட்டைப் பார்த்தார். வண்டியின் மூஞ்சி பின்னால் இருந்தாலும் போகும் திசை சரியான திசைதான், மலை வலப்புறம்தான். ஆனால் குனிந்து தள்ள வேண்டும். இந்த முட்டியோடு. முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் பின்னோக்கிச் சுழன்ற பெடல் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டது. வாய்க்கு வந்தபடி அதைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து சங்கிலியைக் கழற்றிவிட்டார். கழற்றிய பிறகு எழுந்து தள்ளினார்.

டவுன் வந்ததும் சங்கிலியை மாட்டி, வண்டியைத் திருப்பி மிதித்தார். பஸ்ஸும் லாட்ஜும் கடையும் எப்படியும் மலையை மறைத்தன. செங்கம் ரோட்டிலும் மிதித்தார். தான் கேன் போட்ட அறைகளைக் கடக்கும்போது ஒருவன் கையாட்டி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டான். "நல்லாக் கீறேன்" என்றார். ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் மறுபடி இறங்கி, மறுபடி வண்டியைத் திருப்பி, மறுபடி சங்கிலியைக் கழற்றினார்.

வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு வெறுங்காலைச் சுட்டது. எதிரே வெள்ளை வேட்டியில் வந்த ஒருவர் இவர்களைப் பார்த்துப் பதறினார்.

"பெரியவரே, கிரிவலத்த எதிர்ல சுத்தக்கூடாது. பாவம்."

"வண்டிதான் எதிர்ல பாக்குது சாமி, நாங்க சரியாத்தான் போறோம்" என்றார் கண்ணாயிரம். "எதிர்ல வர்றது நீங்கதான்." வேட்டிக்காரர் தன் காலைக் குனிந்து பார்த்தார். யாரையோ தேடித் திரும்பி வந்தவர் போலிருக்கிறது. ஒதுங்கி வழிவிட்டார். சந்திரம்மாள் சிரித்தாள். சிரிப்பு முகத்தின் இடது பாதியில்தான் வந்தது, வலது பாதிக்கு வரவில்லை.

கண்ணாயிரம் நின்ற பக்கத்திலிருந்து தெரிந்தது அந்த வலது பாதிதான். தொங்கிய உதடு, முழுதாக மூடாத கண், தளர்ந்த கன்னம். அவளுக்கு முடியாமல் போனதிலிருந்து சோறு ஊட்டும்போதும் தலை வாரும்போதும் அவர் மறுபக்கம்தான் உட்காருவார். இன்றைக்கு வேறு வழியில்லை. மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு ஆளாக நின்றிருக்கும், அவர் பார்க்கவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே தள்ளினார். மலை மாறும்போதெல்லாம் அந்தக் கண்ணில் ஏதோ மாறியது. அதை வைத்தே திருப்பம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

வீட்டு வாசலில் ஸ்டாண்டைப் போட்டபோது அவருக்கு நிமிர முடியவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார். அவளுக்கு நேரே மலை, தினமும் பார்க்கும் அதே முகத்தோடு.

"முடிஞ்சுது. கடைசியா ஒரு தபா பாத்துக்கோ" என்றார்.

"இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்யா." சந்திரம்மாள் கழுத்தை மெதுவாக, வலியோடு, அவர் பக்கம் திருப்பினாள். நாள் முழுக்க மலையைப் பார்த்தது போலவே அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கெளம்புனதுலேர்ந்து உன் மூஞ்சியத்தான் பாக்கல. இன்னாயா இப்பிடி எளைச்சுட்ட? உடம்பு எப்பிடிக் கீது?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"முடியல சந்திரா" என்றார் கண்ணாயிரம். "ரொம்ப நாளாவே முடியல."